பெரிய கிளாக்கர் பதில்கள்: அரைப் பக்கத்தில் முடிந்துவிட்ட தாத்தா

சென்ற இதழில், காலமான தகப்பனாருக்கு நினைவு மலர் வெளியிட இருந்த வாசகர் ஒருவர் எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தார். "புகழ்ச்சியைக் குறையுங்கள், அவர் என்ன வேலை செய்தார் என்பதை எழுதுங்கள்" என்று இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். வாசகர்கள் என்னை அவ்வளவு சுலபமாக விடுவதாக இல்லை. அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களுக்கே இந்த முறை இடம். சம்பள உயர்வு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும் (அதற்காகப் பொறுத்துப் பழகியவர்கள்தானே நாம்). வீட்டு விஷயங்கள் என்பதால் கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

பேத்தி, பொகவந்தலாவை

கேள்வி: பெரிய கிளாக்கர் ஐயாவுக்கு வணக்கம். எங்கள் தாத்தா போன மாதம் 92 வயதில் காலமானார். அடையாள அட்டையின்படி 1933இல் பிறந்தவர். பிறந்த தேயிலைத் தோட்டத்திலேயே கவ்வாத்து வெட்டி, 60 வயதில் ஓய்வு பெற்றார். ஆறு பிள்ளைகள், பதினேழு பேரப்பிள்ளைகள். நான் பல்கலைக்கழகத்தில் படிப்பதால் மலரில் வரலாறு எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பிறந்தார், உழைத்தார், பிள்ளைகளை ஆளாக்கினார், மறைந்தார் என்று அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் ஓர் ஆசிரியர் இறந்தபோது அடித்த மலர் நாற்பது பக்கம். தாத்தாவைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லையா?

பதில்: ஆசிரியருக்கு நாற்பது பக்கம் வந்ததில் அதிசயம் இல்லை, மகளே. அவருக்கு நியமனக் கடிதம் உண்டு, இடமாற்றக் கடிதம் உண்டு, தரம் உயர்ந்த கடிதம் உண்டு, பிரியாவிடை விழாவில் வாசித்த வாழ்த்துப்பா உண்டு. அடுக்கி வைத்தாலே பாதி மலர் ஆகிவிடும். உங்கள் தாத்தாவுக்கு அப்படி யாரும் எழுதவில்லை. அவரைப் பற்றித் தோட்டத்து ஆபிஸ் எழுதியதெல்லாம் செக்ரோல் என்ற வரவு, சம்பளப் புத்தகத்தில்தான். தோட்டத்து ஆபிஸில் பெரிய கிளாக்கராக, அதாவது தலைமை எழுத்தராக, அந்தப் புத்தகத்தோடு வாழ்ந்தவன் நான். அதில் ஒரு நம்பர் இருக்கும், ஒரு பெயர் இருக்கும், நாளுக்கு ஒரு கட்டம் இருக்கும். கட்டத்தில் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) அல்லது அரைப்பேர் (அரைநாள்). மாத முடிவில் அரிசி, மா, கம்பளி, கோயில் வரி, சங்கச் சந்தா என்று கழிவுகள். அந்த மனிதர் அன்று எப்படி வேலை செய்தார் என்று எழுத அதில் இடமே கிடையாது. நீங்கள் எழுதிய அரைப் பக்கம் அந்தச் செக்ரோலின் சுருக்கம். ஆபிஸ் பார்த்த தாத்தாவைத்தான் நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்.

'கவ்வாத்து வெட்டி' என்று இரண்டு சொல்லில் தாண்டிவிட்டீர்களே, அங்கேயே கொஞ்சம் நில்லுங்கள். உயரத்தில் இருக்கும் தோட்டங்களில் ஒரு மலைக்கு (தேயிலை நிற்கும் ஒரு பகுதியை அப்படித்தான் சொல்வோம்) நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறைதான் கவ்வாத்து வரும். பதினெட்டு வயதில் கத்தி பிடித்து அறுபதில் கீழே வைத்தார் என்றால், ஒரே தேயிலைச் செடியின் முன்னால் அவர் தம் வாழ்நாளில் எட்டு ஒன்பது தடவை குனிந்திருப்பார். இளந்தாரியாக ஒரு தடவை, கல்யாணம் ஆன புதிதில் ஒரு தடவை, மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போனபோது ஒரு தடவை. எந்த வருடம் எந்த மலை என்பதைப் பழைய ஆட்கள் இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அந்த மலைகளின் நம்பர்களை வாங்கிக்கொண்டாலே உங்களுக்கு ஒரு கால வரிசை கிடைத்துவிடும்.

அந்த வேலை என்னவென்று உங்கள் பல்கலைக்கழகத் தோழிகளுக்குத் தெரியாது. உங்களுக்கே தெரியுமா என்பதும் சந்தேகம். இடுப்பளவு நிற்கும் செடியை முழங்கால் அளவுக்கு இறக்க வேண்டும். கிளையைக் கீழிருந்து மேலாக, ஒரே வீச்சில், சாய்வாக வெட்ட வேண்டும். கத்தி மழுங்கியிருந்தால் கிளை பிளந்துவிடும். வெட்டுமுகம் தட்டையாக இருந்தால் மழைத்தண்ணீர் தங்கி அழுகும். நடுவில் பட்டுப்போன குச்சிகளைப் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். கங்காணி பின்னால் நடந்து வந்து வெட்டுமுகத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். தேர்ந்த ஆள் வெட்டிய நிரையில் வெட்டுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். எங்கள் தோட்டத்தில் இடதுகைக்காரர் ஒருவர் இருந்தார். அவர் நிரை மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். புத்தகத்தைப் புரட்டாமலேயே அது யார் வேலை என்று தூரத்திலிருந்து சொல்லிவிடலாம். உங்கள் தாத்தாவின் நிரைக்கும் அப்படி ஓர் அடையாளம் இருந்திருக்கும். அவரோடு வெட்டியவர்களில் ஒருவராவது உயிரோடு இருப்பார். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போய்க் கேளுங்கள். உங்கள் அப்பாவைக் கேட்பதைவிட அது பலன் தரும். பிள்ளைகளுக்குத் தகப்பனின் வேலை தெரிவதில்லை, கூட நின்றவனுக்குத்தான் தெரியும்.

கத்தி வீட்டில் இருக்கிறதா பாருங்கள். விறகு வெட்டவோ பலாக்காய் பிளக்கவோ யாராவது வைத்திருப்பார்கள். புதுக் கத்தி ஒன்றின் பக்கத்தில் அதை வையுங்கள். தீட்டித் தீட்டி எவ்வளவு இரும்பு போயிருக்கிறது என்று தெரியும். அதைப் படம் எடுத்து அட்டையில் போடுங்கள். எல்லா நினைவு மலரிலும் வரும் குத்துவிளக்குப் படத்தை விட்டுவிடலாம்.

இனி, மலையை விட்டு இறங்கிய பிறகு. கவ்வாத்துக்காரர் கணக்கு வேலையை (அன்றைக்கு ஒதுக்கிய அளவை) முடித்தால் மத்தியானத்தோடு இறங்கிவிடுவார். அதன் பிறகு இருட்டும் வரை அவர் யார்? செக்ரோலுக்கு அந்த மனிதரைத் தெரியாது. லயத்துக்குப் (தோட்டத்து வரிசை வீட்டுக்குப்) பின்னால் மரக்கறித் தோட்டம் போட்டாரா? லீக்ஸா, போஞ்சியா? மாடு வைத்திருந்தாரா? புல்லுக்கு எந்த ஆற்றோரம் போனார்? மிலாறு (கவ்வாத்தில் வெட்டிய குச்சி) கட்டி விறகு சுமந்து வந்தாரா? மாசி மாதம் காமன் கூத்து நடந்தால் அவருக்கு என்ன வேடம்? வேடம் கட்டவில்லை என்றால் தப்பு அடித்தாரா, பந்தல் போட்டாரா, அல்லது 'இதெல்லாம் வெட்டி வேலை' என்று இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) உட்கார்ந்து ஏசினாரா? ஏசியிருந்தால் அதையும் எழுதுங்கள், அது இன்னும் நன்றாக இருக்கும்.

ஆறு பிள்ளைகளை 'ஆளாக்கினார்' என்று எழுதியிருக்கிறீர்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் (லயத்து அறையில்) எட்டுப் பேர். யார் எங்கே படுத்தார்கள்? உங்கள் அத்தைமாரை உட்கார வைத்து ஒரு தாளில் அந்தக் காம்பிராவை வரையச் சொல்லுங்கள். அடுப்பு எங்கே, ஆடு குட்டி போட்டபோது எங்கே கட்டினார்கள், பரீட்சைக்குப் படித்த பிள்ளைக்கு விளக்கு எந்த மூலையில். வரைய ஆரம்பித்தால் அவர்களுக்குள் சண்டை வரும். சண்டை வந்தால் எழுதிக்கொண்டே இருங்கள். நாற்பது பக்கத்துக்குக் குறையாது.

வருடங்களையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து இந்திய வம்சாவளியினரான நம்மை நாடற்றவர்கள் ஆக்கியபோது உங்கள் தாத்தாவுக்குப் பதினைந்து வயது. 1949இல் வந்த அடுத்த சட்டம் விண்ணப்பித்தால் பிரஜாவுரிமை தரலாம் என்றது. கல்யாணமானவர் 7 வருடமும் கல்யாணமாகாதவர் 10 வருடமும் 1946க்கு முன் தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டும், விண்ணப்பம் 1951 ஆகஸ்ட் 5க்குள் போக வேண்டும். ஆகவே அதில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தவர் பெரும்பாலும் அவருடைய தகப்பனாராகத்தான் இருக்கும். தகரப் பெட்டியில் தேடுங்கள், பிரஜாவுரிமைச் சான்றிதழ் இருந்தால் அது எந்தச் சட்டத்தின் கீழ், எந்த வருடம் என்று பாருங்கள். 1949ஆம் வருடச் சட்டமா, 1988ஆ, 2003ஆ? 2003 என்றால், அவர் இந்த நாட்டின் பிரஜையாகும்போது அவருக்கு எழுபது வயது. கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைத்துப் பத்து வருடத்துக்குப் பிறகு. அந்த ஒரு வரிக்கு விளக்கமே தேவையில்லை.

1973, 74 பஞ்ச காலத்தில் அவருக்கு நாற்பது வயது, வீட்டில் அத்தனை பிள்ளைகள். என்ன சாப்பிட்டார்கள் என்று மூத்த அத்தையிடம் கேளுங்கள். அவர் முதலில் "அதெல்லாம் எதற்கு" என்பார். பிறகு மரவள்ளிக்கிழங்கு, கூப்பன் மா, கீரை என்று ஒவ்வொன்றாக வரும். 1975இல் தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது, 1992இல் கம்பெனிகளின் கைக்குப் போனது. இடையில் 1977 மே மாதம், நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரிக்கும் திட்டத்தை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்தில் சிவனு இலட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வாரம் உங்கள் தாத்தா பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போனாரா, வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்தாரா? அவர் தலைவராக இருந்திருக்க வேண்டியதில்லை. அன்று எங்கே இருந்தார் என்பது போதும்.

மருமகன், மஸ்கெலியா

கேள்வி: மாமாவின் அடையாள அட்டைக் கணக்கில் வயது 88. மாமியோ 'சத்தியமாக 93' என்கிறார். அஞ்சலிப் பதாகையில் எதைப் போடுவது? பதாகைக்காரர் காத்திருக்கிறார்.

பதில்: பதாகைக்காரரைக் காத்திருக்க வைக்காதீர்கள், 88 என்றே போடுங்கள். மரணச் சான்றிதழ், சேமலாப நிதி, வங்கிக் கணக்கு எல்லாம் அந்த வயதோடுதான் போகும். மலரில் எழுதும்போது மாமியின் கணக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். அவர் கணக்கை அலட்சியம் செய்ய வேண்டாம்.

பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்று எண்கள் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்தே எண்ணியிருப்பார்கள், அதனால் மார்ச் 1 என்றால் 61. இவ்வளவு நுணுக்கமான இலக்கம், ஆனால் அதற்கு அடிப்படை யாரோ ஒருவர் ஒரு மேசைக்கு முன்னால் நின்று வாயால் சொன்ன வயது. பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ்தான். அந்தப் பெயரிலேயே உத்தேசம் இருக்கிறது.

தோட்டத்தில் வயது இரண்டு பக்கமும் நீளும். 1927ஆம் வருடச் சம்பளச் சட்டத்தின்படி மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32 என்று நிர்ணயித்தார்கள். பையன் கொஞ்சம் வாட்டசாட்டமாக இருந்தால் தகப்பன் வயதைக் கூட்டிச் சொல்லிப் பெரிய ஆள் பேர் வாங்கப் பார்ப்பான். அதே பையன் கிழவனாகும்போது ஓய்வு வயதைத் தள்ளிப்போட வயதைக் குறைத்துச் சொல்வான். உங்கள் மாமா இரண்டாவது ரகமாக இருக்கலாம்.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. 1942 ஏப்ரலில் கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அந்தச் செய்தியைக் கேட்டதாக மாமா எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? சொன்னால், கேட்டபோது பிள்ளைமடுவத்தில் (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில்) இருந்தாரா, பள்ளிக்கூடத்தில் இருந்தாரா, மலையில் இருந்தாரா? 1947 ஆகஸ்ட் வெள்ளத்தைக் கம்பளைப் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டார்கள். அப்போது அவருக்கு மீசை முளைத்திருந்ததா? மாமியிடம் இப்படிக் கேளுங்கள். அவர் '93' என்று சொன்னதற்கு ஒரு கணக்கு வைத்திருப்பார், பெரும்பாலும் தம் அண்ணனோ அக்காளோ பிறந்ததிலிருந்து எண்ணும் கணக்கு. பெண்கள் வயதை அப்படித்தான் பிடித்து வைத்திருக்கிறார்கள். என் அனுபவத்தில் ஆபிஸ் கணக்கைவிட அது சரியாக வந்த இடங்கள் அதிகம்.

ஒரு மகன், பண்டாரவளை

கேள்வி: அப்பாவின் படம் என்று அடையாள அட்டைக்கு எடுத்தது ஒன்றுதான் இருக்கிறது. அதைப் பெரிதாக்கினால் முகம் மங்கலாகிறது.

பதில்: அடுத்தவர்கள் வீட்டு அல்பங்களைப் பாருங்கள். நம் ஆட்கள் தமக்கென்று படம் எடுத்ததில்லை, ஆனால் பிறர் கல்யாணத்தில் பந்தி பரிமாறும்போது எங்காவது ஓரத்தில் விழுந்திருப்பார்கள். கோயில் திருவிழா, கதிர்காம யாத்திரை, சங்கக் கூட்டம் ஆகியவற்றையும் விசாரியுங்கள். கையில் சாம்பார் வாளியோடு அகப்பட்டால் அதையே போடுங்கள். கோட்டும் டையும் ஒட்டிக் கொடுக்கும் ஸ்டூடியோக்காரரிடம் மட்டும் போகாதீர்கள். வாழ்நாளில் கோட் போடாத மனிதருக்குச் செத்த பிறகு எதற்கு?

இளைய மகள், இராகலை

கேள்வி: அப்பாவின் அண்ணன் குடும்பம் 1970களில் இந்தியாவுக்குப் போய்விட்டது, இப்போது கோத்தகிரியில் இருக்கிறார்கள். அப்பா ஏன் போகவில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். இப்போது அவரும் இல்லை. எப்படி எழுதுவது?

பதில்: முதலில் நடந்ததை அதன் அளவிலேயே எழுதுங்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம்மைப் பிரிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் 975,000 பேர் என்று கணக்கு. அதில் 525,000 பேர் அங்கே இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே. மிச்சம் 150,000 பேரை 1974இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் ஆளுக்குப் பாதியாக 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். தென்னந்தோப்பைப் பாகம் பிரிப்பதற்குக்கூட நம் ஊரில் இதைவிட அதிகம் பேசுவார்கள். பங்கு போட்டவர்களிடம் கணக்கு இருந்தது; யாருடைய அண்ணன் எந்தப் பங்கில், தம்பி எந்தப் பங்கில் என்பது அவர்கள் கணக்கில் இல்லை.

உங்கள் அப்பா ஏதோ ஒரு நாள் உட்கார்ந்து 'போவதில்லை' என்று தீர்மானம் எடுத்ததாக எழுதிவிடாதீர்கள். நான் பார்த்த வீடுகளில் அப்படி நடந்தது குறைவு. வயதான தாய் ஒருத்தி வரமாட்டேன் என்பாள். மனைவியின் வீட்டார் இங்கே விண்ணப்பம் போட்டிருப்பார்கள். ஒருவருக்குப் பாஸ்போர்ட் வந்துவிடும், இன்னொருவருக்கு வராது. வந்தவரைத் தோட்டத்தில் பெயர் வெட்டிவிடுவார்கள், சேமலாப நிதிப் பணத்துக்காக அலைவார், பெட்டி கட்டுவார், கோச்சியில் தலைமன்னார், கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். அங்கிருந்து சிலருக்கு நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் வேலை. கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் நம் ஆட்கள் சேர்ந்தது அப்படித்தான். வழியனுப்பப் போனவர் ரயில் நிலையத்திலிருந்து திரும்பி வந்து மறுநாள் பிரட்டுக்குப் போயிருப்பார். அதைப் பற்றிக் கேட்டால் எழுந்து வெளியே போகத்தான் செய்வார்.

ஒரு வேலை செய்யுங்கள். கோத்தகிரிக்கு எழுதி, பெரியப்பா வீட்டில் உங்கள் அப்பா அனுப்பிய கடிதங்கள் இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். உங்கள் வீட்டில் இருப்பவை பெரியப்பா எழுதியவை. உங்கள் அப்பா எழுதியவை எல்லாம் அக்கரையில்தான் இருக்கும். தமக்கு எழுதத் தெரியாது என்றால் யாரிடமாவது சொல்லி எழுதுவித்திருப்பார். தோட்டத்துப் பள்ளி ஆசிரியரோ ஆபிஸ் ஆளோ. எனக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து, 'எழுதுங்கள் ஐயா, இங்கே எல்லோரும் சுகம்' என்று ஆரம்பித்தவர்கள் பலர். முதல் வரி எல்லோருக்கும் அதுதான். மாடு கன்று போட்டது, மழை பிந்தியது, கூரை ஒழுகுகிறது என்று பிறகு வரும். மலருக்கு அந்த விவரங்கள் வேண்டும்.

ஒரு மகள், கொட்டகலை

கேள்வி: அப்பாவின் நினைவு மலரில் அம்மாவுக்கு இரண்டு பக்கம் ஒதுக்க வேண்டும் என்றேன். 'அம்மா உயிரோடுதானே இருக்கிறார், அவருக்கு எதற்கு இப்போது' என்று அண்ணன்மார் சிரிக்கிறார்கள்.

பதில்: தங்கச்சி, இரண்டு பக்கம் போதாது. அண்ணன்மாருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று தோட்டங்களில் வந்தது 1984இல். அதுவரை உங்கள் அம்மா அதே மழையில், அதே அட்டைக் கடியில், அப்பாவைவிட அதிக நேரம் மலையில் நின்று குறைந்த சம்பளம் வாங்கினார். வாங்கினார் என்பதுகூடச் சரியில்லை. பல தோட்டங்களில் சம்பளத்தன்று மேசைக்கு முன்னால் வந்து மனைவியின் பணத்துக்கும் சேர்த்துக் கை நீட்டியவர் புருஷன்தான். மேசைக்குப் பின்னால் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். அவள் லயத்து வாசலில் நின்று, அவர் நேராக வீட்டுக்கு வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

உங்கள் அப்பா மத்தியானம் இறங்கிவிட்டார். அம்மா கொழுந்து மடுவத்தில் நிறை போட்டு முடித்து, பிள்ளைமடுவத்தில் கைக்குழந்தையைத் தூக்கி, பீலியில் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டினார். அண்ணன்மார் சிரிக்கிறார்களே, அவர்களிடம் மூன்று விஷயங்கள் கேளுங்கள். வீட்டுக்கு மேல்கூரை மாற்றியது யாருடைய சேமலாப நிதிப் பணத்தில்? மூத்த அண்ணன் சாதாரணதரப் பரீட்சைக்குப் போனபோது சப்பாத்து வாங்கக் காசு யாருடைய சீட்டிலிருந்து எடுத்தது? அப்பாவுக்குக் கண் தெரியாமல் போன பிறகு கைபிடித்து வெளியே கூட்டிப் போனது யார்? பதில் வந்ததும் பக்கத்தைக் கணக்கிடுங்கள். அம்மா உயிரோடு இருப்பதுதான் வசதி; தவறு இருந்தால் அவரே திருத்துவார்.

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு பேரன்

கேள்வி: மலரில் 'அன்னார் சாந்த சொரூபி, மதுவை அறியாதவர்' என்று சித்தப்பா எழுதிக் கொடுத்திருக்கிறார். தாத்தா சம்பளத்தன்று தவறணைக்கு (மதுக்கடைக்கு) போகாமல் வீடு வந்த நாள் கிடையாது. இதை அப்படியே அச்சுக்குக் கொடுக்கவா?

பதில்: கொடுத்தால் மலரை வாசிக்கும் முதல் ஆள் தவறணைக்காரராக இருந்தால் என்ன செய்வீர்கள்?

குடித்தார் என்று தலைப்புப் போட்டு எழுதச் சொல்லவில்லை. இல்லாத குணத்தை ஏற்றாமல் இருந்தால் போதும். சித்தப்பாவின் அந்த வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் தாத்தா குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வார் என்று உங்களுக்கு ஞாபகம் இருப்பதை எழுதுங்கள். சிலர் அடிப்பார்கள். அப்படியென்றால் பாட்டியைக் கேட்காமல் ஒரு வரியும் எழுதக் கூடாது. எழுதலாமா வேண்டாமா என்று சொல்ல அவருக்குத்தான் உரிமை. சிலர் பொன்னர் சங்கர் கதையை விடிய விடியப் பாடுவார்கள். சிலர் பிள்ளைகளை எழுப்பி, பொட்டலத்தில் கொண்டுவந்த வடையைக் கொடுத்துவிட்டுத் தாங்களும் அழுவார்கள். உங்கள் தாத்தா எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை, ஆகையால் என்னால் இதற்கு மேல் சொல்ல முடியாது. 'சாந்த சொரூபி'யை மட்டும் எப்படியானாலும் எடுத்துவிடுங்கள். அந்தச் சொல் இல்லாத நினைவு மலரை நான் இன்னும் பார்க்கவில்லை. எல்லாத் தோட்டத்திலும் இத்தனை சாந்த சொரூபிகள் இருந்திருந்தால் கோயில் திருவிழாவில் பொலிசுக்கு என்ன வேலை?

ஒரு வாசகர், லிந்துலை

கேள்வி: கருமாதி 16ஆம் நாள். அதற்குள் மலரை அச்சிட முடியாது என்கிறார் அச்சகத்தார். என்ன செய்யலாம்?

பதில்: கருமாதிக்கு ஒரு தாள் அச்சடித்துக் கொடுங்கள்: படம், பெயர், நன்றி. மலரை வருடத் திவசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேலே பொகவந்தலாவைப் பிள்ளைக்குச் சொன்ன விசாரணைகளைச் செய்யவும் காலம் கிடைக்கும். அச்சுக்குப் போகும் முன் உறவுமுறைப் பெயர்களை வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து சரிபாருங்கள், குறிப்பாக மருமகன்மார் பெயர்களை. பேரப்பிள்ளை பெயர் விடுபட்டால் சொல்லிச் சமாளிக்கலாம். மருமகன் பெயர் விடுபட்டால் அடுத்த திவசத்துக்கு அந்த வீட்டிலிருந்து ஆள் வராது.